வலசைக் காலத்துக்கு எந்தக் கழிமுகம்? சென்னைக்காரர்களுக்கு ஐந்து இடங்கள்

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே எனக்கு இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். “பைனாகுலர் வாங்கியாச்சு. எங்கே போறது? பழவேற்காடா, பள்ளிக்கரணையா?”

இந்த வருடம் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை பார்க்கும் தம்பி. ஸ்கூட்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஓய்வு. இன்னொருவர் பெரம்பூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். நேரம் கொட்டிக் கிடக்கிறது, வண்டி ஓட்டுவதில்லை. மூன்றாவது என் அக்கா மகள். அடையாறு பக்கம் கல்லூரி, கையில் காசு கம்மி, பெரும்பாலும் தனியாகத்தான் போவாள்.

மூவருக்கும் நான் முதலில் சொன்னது ஒன்றுதான். பறவை எங்கே அதிகம் என்று தேடாதீர்கள். மார்ச் கடைசி வரை வாராவாரம் சலிக்காமல் போய்வரக்கூடிய ஒரு கரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கரை என்பதில்தான் மூவருக்கும் பதில் வேறாகிறது.

ஒரே கரை எதற்கு? குளிர்காலத்தில் நம்மிடம் வரும் சேற்றுப் பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பெரும்பாலும் சாம்பலும் பழுப்பும்தான். முதல் நாள் பார்த்தால் ஒரே பறவையைப் பல அளவில் செய்து வைத்த மாதிரி இருக்கும். புத்தகத்தைப் புரட்டினாலும் தீராது. அதே சேற்றின் முன் எட்டாவது தடவை நிற்கும்போதுதான், கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி போலக் குத்திக்கொண்டே நகர்வதும், உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி ஓடுவதும் கண்ணுக்குப் பிடிபடும். அப்புறம் மார்ச் பிற்பகுதியில் வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திக்கு நெஞ்சு கறுக்கும். வடக்கே கூடு கட்டப் போகும் முன் உடுப்பு மாற்றுகிறார்கள். ஜனவரியில் ஒரே ஒரு நாள் போய்வந்தவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

## எதை வைத்து முடிவு செய்வது

வீட்டுக் கதவிலிருந்து முதல் பறவை வரை எத்தனை நிமிடம். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரை வாக்கில்தான் வருகிறது. ஒன்பதரையைத் தாண்டினால் தண்ணீர் மேல் கானல் ஆட ஆரம்பிக்கும். தூரத்துப் பறவை நடுங்கும் புள்ளியாகிவிடும். ஆக, கையில் இருப்பது மூன்று மணி நேரம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் அந்த இடத்துக்கு வாராவாரம் போக மாட்டீர்கள். நானும் போகவில்லை.

தண்ணீர் எவ்வளவு ஆழம், எப்போது இறங்கும். புதிதாக வருகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ‘குளிர்காலப் பறவை’ என்றதும் நவம்பர், டிசம்பரில் கிளம்பிவிடுகிறார்கள். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஏரி, கழுவெளி, உப்பளம் எல்லாம் ததும்பி நிற்கும். கொசு உள்ளானின் கால் ஒரு விரல்கடை நீளம் வருமா என்பதே சந்தேகம். ஆழத் தண்ணீரில் அதற்கு என்ன வேலை? அந்த மாதங்களில் வாத்துகளுக்கும் கூழைக்கடாவுக்கும் கொண்டாட்டம். சேற்றுப் பறவைகளுக்குத் தை பிறக்க வேண்டும்.

இதில் முகத்துவாரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. மழை வெள்ளம் மணல் திட்டை உடைத்து வாயைத் திறந்துவிட்டால் கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் தட்டையான சேற்றில் அந்த ஒரு மீட்டர் பெரிய மைதானத்தையே திறந்து மூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் இன்னும் ஆழமாக இருக்கும். வாய் அடைபட்டுவிட்டால் வற்ற நேரம் பார்த்துப் போவதில் பயனில்லை.

வெயில் எந்தப் பக்கம். சூரியனை நோக்கி நின்றால் எல்லாமே கறுப்பு நிழல்தான். எந்த மாதம், எந்தக் கரை, காலையா மாலையா என்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பைனாகுலர் போதுமா. பறவை முந்நூறு மீட்டரில் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலரில் “ஏதோ உள்ளான்” என்பதற்கு மேல் சொல்ல முடியாது. ஸ்கோப்பும் (தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக் குழாய்) அதற்கான முக்காலியும் பைனாகுலரைப் போலப் பல மடங்கு விலை. முதல் வருடமே அதை வாங்காதீர்கள். பைனாகுலருக்கு எட்டுகிற கரையைத் தேர்ந்தெடுங்கள், காசு மிச்சம்.

ஆள் நடமாட்டமும் கழிப்பறையும். ஆண்கள் எழுதும் பறவைக் குறிப்புகளில் இது வரவே வராது. என் அக்கா மகள் முதலில் கேட்டது இதைத்தான்.

## கேளம்பாக்கம் – கோவளம் – முட்டுக்காடு

என் ஓட்டு இதற்குத்தான். மறைக்கவில்லை.

ஓஎம்ஆரிலிருந்து ஈசிஆருக்குப் போகும் கேளம்பாக்கம்–கோவளம் சாலை கழிமுகத்தைக் குறுக்கே கடக்கிறது. சாலை கிழக்கு மேற்காக ஓடுவதால், காலையில் வடக்குப் பக்கம் பார்த்து நின்றால் குளிர்காலச் சூரியன் வலது தோளுக்குப் பின்னால் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்தே ஆழத் தண்ணீர், சேறு, உப்பளப் பாத்தி மூன்றும் கண்ணுக்குள் அடங்கும். கடலில் ஏற்றம் வந்து சேறு மூழ்கும் நேரத்தில் உள்ளான்கள் பாத்தி வரப்புகளுக்கு வந்து ஒதுங்கும். அதனால் ஏற்றமோ வற்றமோ, வந்த பயணம் வீணாகாது. நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, சதுப்பு உள்ளான், உப்புக்கொத்திகளில் இரண்டு மூன்று வகை, மீசை ஆலா, காஸ்பியன் ஆலா, பழுப்புத்தலைக் கடற்காகம் என்று ஒரு சாதாரண ஜனவரிக் காலையிலேயே பாடம் முழுதாக இருக்கும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்துவந்தால் போதும், அவ்வளவு நேரமும் மண்கட்டி என்று நினைத்த நூறு இருநூறு ஒரே சமயத்தில் எழுந்து, ஒரு திருப்பத்தில் வெள்ளையாகி, மறு திருப்பத்தில் காணாமல் போகும்.

போன தை மாதம் ஒரு காலை. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் மூன்று பேர் வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள். பிடித்ததைப் போடுவதற்கு ஓலைப் பறியை வாயில் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கரையேறிய ஒருத்தர் என் ஸ்கோப்பைப் பார்த்து, “இன்னா சார், ரோடு அளக்குறியா?” என்றார். குருவி பார்க்கிறேன் என்றேன். அவரையும் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“இது சும்மா கெடக்குது. பெரிசு வோணும்னா தண்ணி முட்டிக்குக் கீழ எறங்கட்டும். அப்பால வா.”

மூன்று வாரம் கழித்துப் போனேன். அதே இடத்தில் அவருக்கு முட்டிக்குக் கீழேதான் தண்ணீர். அவருக்கு அந்தப் பக்கம், அவரைக் கொஞ்சமும் சட்டை பண்ணாமல், நாற்பது பூநாரைகள் தலைகீழாக அலகை விட்டு அரித்துக்கொண்டிருந்தன. ஏற்றவற்ற அட்டவணையை விட அவர் கணக்குச் சரியாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. சாலையோரம் நிற்க இடம் குறுகல், லாரிகள் உரசிக்கொண்டு போகும். எட்டு மணிக்கு மேல் ஞாயிறுகளில் கோவளம் போகும் கூட்டம் வந்துவிடும். முதுகை வண்டிகளுக்குக் காட்டிக்கொண்டு நிற்பது உங்களுக்குப் பழகாது என்றால் இந்த இடம் வேண்டாம். உப்பளத்துக்குள் இறங்குவதானால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பாத்தி வரப்பை மிதித்து உடைத்தால் அவர்களுக்கு அரைநாள் வேலை. உப்புக் காற்றில் லென்சின் மேல் வெள்ளைப் படலம் படியும். வீடு வந்ததும் ஈரத் துணியால் துடைக்காமல், காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்து என் பழைய பைனாகுலரைக் கீறலாக்கிக்கொண்டேன். கழிப்பறைக்கு முட்டுக்காடு படகுக் குழாம் பக்கமோ கேளம்பாக்கம் ஓட்டல்களுக்கோ போக வேண்டும்.

ஓஎம்ஆர், ஈசிஆர், தாம்பரம், வண்டலூர் பக்கம் இருப்பவர்களுக்கும், சேற்றுப் பறவைகளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இதைவிட நல்ல கரை தெரியவில்லை.

## அடையாறு முகத்துவாரம்

பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடற்கரையோடு வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பத்தைத் தாண்டி நடந்தால் உடைந்த பாலம். 1967-இல் கட்டியது, 1977-இல் ஆற்றுவெள்ளத்தில் உடைந்தது. அதன் மேல் ஏற வேண்டியதே இல்லை, அடியில் மணலில் நின்றால் போதும். வெயில் கணக்கு இங்கே மிகத் தெளிவு: காலையில் மேற்கே, ஆற்றின் மேல்பக்கம் பாருங்கள். சூரியன் முதுகில். மணல் திட்டும் கடலும் கிழக்கே இருப்பதால் அவற்றுக்கு மாலை வெளிச்சம்தான்.

பழைய ஆட்கள் இந்த முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளோடு ஒப்பிட்டால் இன்றைய பட்டியல் சின்னது. ஆற்றில் சாக்கடை. மணல் திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் உட்காரும், உப்புக்கொத்திகள் ஓடும், ஓரத்தில் ஒன்றிரண்டு உள்ளான். தென்கரையில் தியாசாபிகல் சொசைட்டியின் மரக்கூட்டம் இருப்பதால் மாம்பழச்சிட்டும் மரங்கொத்தியும் காதில் விழும். நான் இதை ஏன் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்றால், நகரத்துக்குள் பஸ் டிக்கெட் காசில் போய்வரக்கூடிய உண்மையான கழிமுகம் இது. நூறு பறவைக்குள் ஒரு உப்புக்கொத்தி வேறாக இருந்தால் கண்ணில் படும். ஆயிரத்துக்குள் இருந்தால் படாது. தொடங்குகிறவருக்குச் சின்னப் பட்டியல் ஒரு வசதி.

ஆமை நடைக்குப் போகிற மாணவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரி முழுக்கக் கரையோரம் நடந்து விடிகாலையில் பெசன்ட் நகரில் முடிப்பார்கள். தூக்கத்தைத் தள்ளிப்போட முடிந்தால், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முகத்துவாரம். நான் ஒரு தடவை அப்படிப் போய், பாலத்தடியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது ஒரு நாய் என் பையிலிருந்த பன்னைத் தின்றுகொண்டிருந்தது.

நாற்றம் உண்டு, அதோடு நாய்கள். பாலத்தடியில் மாலையில் குடிக்கிற கும்பல் சேரும். இருட்டும் முன் கிளம்பிவிட வேண்டும். காலையில் பெசன்ட் நகர் முழுக்க நடைப்பயிற்சி ஆட்கள், அதனால் கவலை குறைவு. ஆனால் குப்பத்தைத் தாண்டிப் பாலம் வரையுள்ள நீட்டத்தில் கூட்டம் குறைந்துவிடும். தனியாகப் போகிறவர்கள் அந்த இடத்தில் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது நல்லது.

## பள்ளிக்கரணை

இது கடற்கரை அல்ல, சதுப்பு நிலம். ஆனாலும் இங்கே சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் கழிமுகத்தில்தான் கடலுக்குப் போகிறது. கேளம்பாக்கமும் பள்ளிக்கரணையும் ஒரே தண்ணீரின் இரண்டு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது.

மழை மாதங்களில் மற்ற நான்கு இடங்களும் கை விரிக்கும்போது இது கை கொடுக்கும். டிசம்பரிலேயே ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகு வாத்து வந்திருக்கும். நீலத் தாழைக்கோழி கோரைத்தண்டை ஒரு காலில் பிடித்துக் கரும்பு மாதிரிக் கடிக்கும். இலைக்கோழி, நாமக்கோழி, அரிவாள்மூக்கன், மஞ்சள் மூக்கு நாரை எல்லாம் வருடம் முழுக்கவோ ஏறக்குறைய அப்படியோ உண்டு. தண்ணீர் இறங்க இறங்க, பிப்ரவரி, மார்ச்சில் கருவால் மூக்கன்களும் பூநாரைகளும் சேரும். வாய்த்த வருடத்தில் பூநாரைகள் கோடை வரை நிற்கும்.

வேளச்சேரி பறக்கும் ரயிலில் பெருங்குடியில் இறங்கினால் சதுப்பு பக்கத்திலேயே. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை சதுப்பை அறுத்துக்கொண்டு போகிறது, சாலையோரத்திலிருந்தே நிறையத் தெரியும். வனத்துறை 2021-இல் திறந்த சூழல் பூங்காவில் நடைபாதை உண்டு, உட்கார இடம் உண்டு, காவல் உண்டு. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் தயங்காமல் சொல்லும் ஒரே இடம் இது.

இழப்பது இரண்டு. ஒன்று மூக்கு: பெருங்குடிக் குப்பைமேட்டிலிருந்து காற்று உங்கள் பக்கம் திரும்பினால் பேனா பிடிக்கக் கை வராது, மூக்கைத்தான் பிடிக்கும். இன்னொன்று படிப்பு: இங்கே மட்டும் போய்க்கொண்டிருந்தால் வாத்தும் கோழியும் நன்றாகத் தெரியும், ஆலாவும் கடற்காகமும் தெரியாமலே போகும்.

## பழவேற்காடு

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குத் துண்டு நம்மிடம். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் ஒரு வெளுத்த சிவப்புக் கோடாகத் தொடுவானத்தில் நிற்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும்.

ஆனால் ‘தொடுவானத்தில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏரி அவ்வளவு பெரிது. ஸ்கோப் இல்லாமல் போனால் கோடு கோடாகவே இருந்துவிடும். மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரி நல்ல இடம். அங்கே கிழக்கு நோக்கிப் பார்க்க வேண்டியிருப்பதால், காலையில் ஏரி முழுக்கக் கண்ணாடியாய் எரியும். மாலைக்குப் போங்கள். மாலைக்குப் போனால் திரும்பி வர ராத்திரி. ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவிலேயே ஓடுகிறது. பூநாரைகள் பைனாகுலருக்கு எட்டும் தூரத்துக்கு வருவது அங்கேதான். ஒரு முழுநாள் ஒதுக்க முடிந்தவர்கள் பழவேற்காடு ஊரை விட்டுவிட்டு அந்தச் சாலைக்கே போகலாம் என்பேன்.

எனக்கு இங்கே நேர்ந்தது பாடப்புத்தகத் தவறு. இரண்டாம் வருடம், நவம்பர் மூன்றாம் வாரம், நண்பர்கள் நான்கு பேர், வாடகைக் கார். ஏரி கடல் மாதிரி நிறைந்து கிடந்தது, தூறல், பொன்னேரி தாண்டி ஒரு பஞ்சர். பதினொரு இனம் பார்த்தோம், அதில் ஒன்று காகம். கார் வாடகையில் ஆளுக்கு வந்த பங்கில் கேளம்பாக்கத்துக்கு ஒரு சீசன் முழுக்கப் போய்வந்திருக்கலாம்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. கரையில் நின்றால் “பூநாரை கிட்டத்தில் காட்டறேன்” என்று யாராவது கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25-இல் உல்லாசப் பயணம் போன படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். அதோடு, படகு நெருங்கினால் கூட்டம் மொத்தமும் எழுந்துவிடும். பறவைக்கும் நல்லதில்லை, நீங்கள் பார்ப்பதும் முதுகைத்தான்.

வடசென்னை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதுவே உள்ளூர்க் கரை. அவர்கள் கேளம்பாக்கம் வரை வந்து கஷ்டப்பட வேண்டாம். மற்றவர்களுக்கு இது சீசனில் ஒரு தடவை, பிப்ரவரியில், ஸ்கோப் உள்ள யாருடனாவது.

## கழுவெளி

மரக்காணம் பக்கம், விழுப்புரம் மாவட்டம். 2021 டிசம்பரில் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகும்போதே வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். சென்னையிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டருக்குக் குறையாது என்பதால் வாராவாரம் என்ற பேச்சே இல்லை. புதுச்சேரி, திண்டிவனம் வாசகர்கள் இந்தக் கட்டுரையில் மற்ற நான்கையும் மறந்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கோடியக்கரையை நான் சேர்க்காததும் தூரத்தால்தான். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்கு யாத்திரை என்று பெயர், உள்ளூர்க் கரை என்று சொல்ல முடியாது.

## ஒரே பார்வையில்

| இடம் | நல்ல மாதம் | வெளிச்சம் | பைனாகுலர் போதுமா | சொல்லாமல் விடும் செலவு |
|---|---|---|---|---|
| கேளம்பாக்கம் – முட்டுக்காடு | தை பிறந்ததிலிருந்து மார்ச் கடைசி | காலை, வடக்கு நோக்கி | பெரும்பாலும் போதும் | லாரி, குறுகிய ஓரம் |
| அடையாறு முகத்துவாரம் | ஜனவரி – மார்ச் | காலை மேற்கே, மாலை கிழக்கே | போதும் | நாற்றம், மாலையில் பாதுகாப்பு |
| பள்ளிக்கரணை | நவம்பரிலிருந்தே | சாலையிலிருந்து வடக்கு நோக்கி | போதும் | குப்பைமேட்டுக் காற்று, கடற்பறவை இல்லை |
| பழவேற்காடு | பிப்ரவரி | மேற்குக் கரையில் மாலை | ஸ்கோப் வேண்டும் | முழு நாள், கார் வாடகை |
| கழுவெளி | ஜனவரி – மார்ச் | நிற்கும் கரையைப் பொறுத்து | ஸ்கோப் இருந்தால் நல்லது | ஈசிஆரில் போக வர ஒரு நாள் |

## மூன்று பேருக்கும் சொன்னது

சோழிங்கநல்லூர்த் தம்பிக்குக் கேளம்பாக்கம், சந்தேகமே இல்லை. வீட்டிலிருந்து ஓஎம்ஆரில் நேர்கோடு. ஆறரைக்கு நின்று எட்டரைக்குக் கிளம்பினால் ஞாயிறு மிச்சம் இருக்கும். தை பிறக்கும் வரை சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்றால் டிசம்பரில் பள்ளிக்கரணையில் வாத்து பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதுவும் அவனுக்குப் பக்கம்தான். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-இலிருந்து நடக்கிறது. தன் இடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்ததையெல்லாம் எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் அவனும் சேர்ந்துவிட்டான். கொசு உள்ளானா வேறா என்று தெரியாவிட்டால் ‘உள்ளான் வகை’ என்றே போடலாம் என்று சொன்னதும்தான் அவன் முகம் தெளிந்தது.

அக்கா மகளுக்கு நான் முதலில் பள்ளிக்கரணைப் பூங்கா என்றேன், பாதுகாப்பை நினைத்து. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா, அங்கே போக ரெண்டு வண்டி மாறணும். பாலம் எங்க ஹாஸ்டல்லேர்ந்து ஒரே பஸ்” என்றாள். நான் வகுத்த முதல் விதியை என்னிடமே திருப்பிப் போட்டாள். சரி, அடையாறு. காலை மட்டும், கூடப் படிக்கும் ஒருத்தியோடு, எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு நான் கேளம்பாக்கம் போகும்போது அவளும் வருகிறாள். அக்காவிடம் இன்னும் பாலம் என்று சொல்லவில்லை, ‘பெசன்ட் நகர் பீச்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

பெரம்பூர்ப் பெரியவருக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. கேளம்பாக்கம் அவருக்கு நகரத்தின் மறுமுனை. பழவேற்காடு ஊருக்கு என்றால் பேசின் பிரிட்ஜில் மாறிக் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். சூளூர்ப்பேட்டைக்கும் ரயில் உண்டு. நான் மற்றவர்களுக்கு வேண்டாம் என்று சொன்ன காரணங்கள் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை: நாள் முழுக்க இருக்கிறது, வார நாளில் போகலாம், கார் வாடகை கிடையாது, மாலை வெளிச்சத்துக்குக் காத்திருக்க அலுப்பில்லை. ஸ்கோப் மட்டும் இல்லை. என் பழைய ஸ்கோப்பை இரண்டு மாதம் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

தைக்கு அப்புறம் போங்கள் என்று அவருக்கு விளக்கமாகச் சொல்லப் போனில் கூப்பிட்டேன். அவர் போன வாரமே பொன்னேரி வரை ஒரு ஒத்திகை போய், பஸ் நேரங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். “ஏரி ரொம்பிக் கெடக்குதாம் சார், பொங்கல் முடிஞ்சு வாங்கன்னு கண்டக்டர் சொன்னார்” என்றார்.